பலகைமேல் நூற்றிருபது கிலோ

ஷார்ஜா ரோலாவில் டர்ட் பைக் வைத்திருப்பவர் அதைத் தன் கட்டட வாசலிலேயே உதைத்துக் கிளப்பி ஓட்டிப் போய்விட முடியாது. மோட்டோகிராஸுக்கென்றே செய்த வண்டிக்கு முகப்பு விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, இலக்கத் தகடும் கிடையாது. சாலையில் ஓட்டப் பதிவுச் சான்றான முல்கியா கிடைக்காது. போலீஸ் கண்ணில் பட்டால் பறிமுதல்தான். மணல் தொடங்கும் பதாயிர் பக்கமோ மலீஹா பக்கமோ போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் ஒவ்வொரு விடுமுறை நாளும் காலையில் பிக்கப்பில் ஏற்றி அங்கே இறக்கி, மாலையில் மறுபடி ஏற்றி இங்கே இறக்க வேண்டும்.

இந்த ஏற்றி இறக்கும் வேலையை யாரும் விளையாட்டின் பகுதியாகவே நினைப்பதில்லை. ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், முழங்கால் காப்பு எல்லாம் பையில் கிடக்க, செருப்புக் காலோடு வண்டியைத் தள்ளுவார்கள். மணல்மேட்டில் சறுக்குபவர் மணலில் விழுகிறார். ஏற்றுப்பலகையில் சறுக்குபவர் தார்ச்சாலையில் விழுகிறார், அவர் மேல் வண்டியும் விழுகிறது.

ஷார்ஜாவின் ரோலா எப்படிப்பட்ட இடம் என்று வளைகுடாவில் ஒரு முறை கால் வைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சதுக்கத்தில் நின்றிருந்த ஆலமரம் 1978இல் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது நினைவுச்சின்னம் நிற்கிறது. சுற்றிலும் தமிழும் மலையாளமும் உருதுவும் வங்காளமும் புழங்கும் கடைகள், மேலே பெட் ஸ்பேஸ் பலகை தொங்கும் அடுக்ககங்கள். கார் நிறுத்தவே இடமில்லாத இங்கே பைக்கை எங்கே வைப்பது? பெரும்பாலோர் வண்டி தொழிற்பேட்டையான சனையாவில்தான் தூங்குகிறது. தெரிந்த மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப் மூலையில், மாத வாடகைக்கோ, பழுது வேலையை அங்கேயே கொடுக்கிறோம் என்ற வாய்ப்பேச்சு ஒப்பந்தத்திலோ நிற்கும். உலகெங்கும் பழைய வண்டிப் பாகங்கள் அனுப்பும் பெருஞ்சந்தை அந்தச் சனையா. வண்டி அங்கே நிற்பதில் உதிரிப் பாகம் தேட வசதியும் உண்டு.

ஏன் பழைய வண்டி? புதிது வாங்கும் காசு சம்பளக்காரர் கையில் இல்லை என்பது பாதி விடை. மீதி, பழையதைப் பிரித்து மாட்டிவிட முடியும் என்பது. கார்புரேட்டர், கிக்கர், காற்றில் குளிரும் எஞ்சின்: ஊரில் ஆர்எக்ஸ் 100ஐ அக்கக்காகக் கழற்றிப் பழகிய கைக்கு இவை அந்நியமில்லை. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை வந்த அந்த யமஹாவில் கை பழகி, கோவை, சென்னைப் பக்கத்து டர்ட் டிராக் பந்தயங்களைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களில் சிலர் பிழைப்புக்கு வளைகுடா வந்ததும் செய்யும் முதல் வீண்செலவு இதுவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

எந்த வண்டி என்பதில் எனக்கு ஓரவஞ்சனை உண்டு, மறைக்கவில்லை. ஹோண்டா எக்ஸ்ஆர் 400ஆர் 1996 முதல் 2004 வரை வந்தது. காற்றில் குளிரும் நான்கு ஸ்ட்ரோக். ரேடியேட்டரே இல்லாததால் விழுந்தால் உடையவும் ஒன்று குறைவு. முதல் வண்டிக்கு இதுதான் என் தேர்வு. அதே ஹோண்டாவின் சிஆர் 250ஆர் இரண்டு ஸ்ட்ரோக் 2007 மாடலோடு நின்றுபோனது. அதைக் காதலிப்பவர்கள் உதிரிப் பாகத்துக்கு அலையத் தயாராக இருக்க வேண்டும். யமஹாவின் ஒய்இஸட் 250 அப்படியல்ல. 2000களின் நடுவில் அமைந்த அடிப்படை வடிவத்தையே பெரிதும் வைத்துக்கொண்டு இன்றும் கம்பெனி தயாரிப்பதால், பழைய வண்டிக்கும் பாகம் கிடைக்கிறது. சுசுகி டிஆர்-இஸட் 400 கனம், ஆனால் லேசில் சாகாது. எதை வாங்கினாலும் சேசிஸ் எண்ணையும், கஸ்டம்ஸ் தாளையோ முந்தைய உரிமைத் தாளையோ ஒப்பிட்டுப் பார்க்காமல் திர்ஹமை எண்ணி வைக்கக் கூடாது. தாள் இல்லாத வண்டி மலிவாகத்தான் இருக்கும்.

பாலைவனம் பழைய எஞ்சினை மூன்று பக்கமிருந்து தின்கிறது. இங்கத்து மணல் மாவு மாதிரி நைசானது. எண்ணெய் ஊறாத ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் நுழைந்து போரையும் பிஸ்டன் ரிங்கையும் உரசித் தள்ளிவிடும். இரண்டாவது வெயில்: காற்று லேசாகிக் கலவை தடித்துப்போகும், மெயின் ஜெட்டைச் சின்னதாக்கு என்பார்கள். ஆனால் மணலில் எஞ்சின் நெடுநேரம் முழு மூச்சாக இழுப்பதால், குறைத்துவிட்ட ஜெட்டோடு போனால் சூடேறி பிஸ்டன் சீஸ் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஜெட் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மூன்றாவது ரப்பர், ஆண்டில் பாதி நாள் கொதிக்கும் தகரக் கொட்டகையில் நின்ற வண்டியின் பெட்ரோல் குழாயும் ஃபோர்க் ஆயில் சீலும் பார்க்கப் புதிது போலவே இருந்துகொண்டு ஒரே நாளில் வெடிக்கும்.

இப்போது பிக்கப். ரோலாவிலும் சனையா முனையிலும் வாடகைக்கு நிற்கும் வண்டிகளில் டபுள் கேபினைக் கண்டதும் வசதி என்று கை காட்டிவிடக் கூடாது. அதன் பின்தட்டு ஒன்றரை மீட்டர் சுமார்தான் இருக்கும். டர்ட் பைக்கின் நீளம் 2.1 மீட்டரைத் தாண்டும். பின்கதவைத் திறந்தே போட்டு, பின்சக்கரம் அதன்மேல் நிற்க ஓட்ட வேண்டிவரும். கதவைத் தாங்குவது இரண்டு கம்பி வடங்கள், அவையும் பழசு. இலக்கத் தகடும் விளக்கும் மறைந்துபோகும் தொல்லை வேறு. சிங்கிள் கேபின் பிக்கப்பில், சற்றுக் குறுக்காக நிறுத்தினால், கதவு மூடும். வளைகுடாப் பிக்கப்புகளின் பக்கத்தில் இரும்புச் சட்டம் அடித்திருப்பார்கள். பெல்ட் கட்ட அது வரப்பிரசாதம். ஒரு முறை கையால் உலுக்கிப் பாருங்கள். துருப்பிடித்த வெல்டிங்கில் கட்டிய பெல்ட் கட்டாத பெல்ட்தான். கான்டர் போன்ற மூன்று டன் வண்டியின் தட்டு இன்னும் உயரம். டெயில் லிஃப்ட் இருந்தாலன்றி, ஒற்றை பைக்குக்கு அதைக் கூப்பிடத் தேவையில்லை.

அடுத்தது ஏற்றுப்பலகை. விபத்தெல்லாம் இங்கேதான். கட்டட வேலையிடத்துச் சாரப்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாய்த்துவிட்டு ஏற்றுபவர்களைச் சனையாவில் சாதாரணமாகப் பார்க்கலாம். பலகை தாங்கத்தான் செய்யும். ஆனால் அதன் மேல்நுனி தட்டின் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் பலகையைத் தொட்டு உந்தும் அந்த நொடியில் பலகை பின்னோக்கி உதைக்கப்படுகிறது. விளிம்பை விட்டு நழுவினால் முன்சக்கரம் தட்டிலும் பின்சக்கரம் தரையிலுமாக வண்டி தொங்கும். தள்ளியவர் இடையில் மாட்டுவார். மரமோ அலுமினியமோ, பலகையைப் பிக்கப்போடு ஒரு பெல்ட்டால் கட்டிவிடுங்கள். அரை நிமிட வேலை இது, செய்பவர் மிகக் குறைவு.

பலகையின் நீளம் எவ்வளவு என்பது கையில் விழும் பாரத்தின் கணக்கு. சவாரிக்குத் தயாரான பழைய என்டியூரோ வண்டியை 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிக்கப் தட்டின் உயரம் 85 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் பலகையில் ஏற்றினால் சரிவு 34 பாகை. உரசலை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 68 கிலோ விசையோடு தள்ள வேண்டும். பலகை 2.4 மீட்டர் என்றால் சரிவு 21 பாகைக்கு இறங்கி, தள்ள வேண்டியது 42 கிலோ சொச்சமாகும். இன்னொரு வழியும் உண்டு, அதற்குக் காசே வேண்டாம். பிக்கப்பின் பின்சக்கரங்களைப் பள்ளத்தில் இறக்கியோ, மணல்மேட்டோரம் ரிவர்ஸ் எடுத்தோ, தட்டுக்கும் பலகையின் அடிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை 30 சென்டிமீட்டர் குறைத்துவிட்டால், அதே 2.4 மீட்டர் பலகையில் 28 கிலோ விசை போதும். ஊரில் குட்டியானையில் மாடு ஏற்றுபவர்கள் வண்டியை வாய்க்கால் மேட்டில் முட்டக் கொண்டுபோய் நிறுத்துவது இந்தக் கணக்கில்தான். அவர்கள் பாகை எல்லாம் பார்ப்பதில்லை. திரும்பும்போது பாலைவனத்தில் மேட்டுக்குப் பஞ்சமில்லை. சனையாவில் நடைபாதை விளிம்பு, ஒர்க்‌ஷாப் திண்ணை என்று ஏதாவது அகப்படும்.

ஆள் ஏறவும் வழி வேண்டும். வண்டியைத் தள்ளுபவர் பக்கவாட்டில் நடந்துவருகிறார். வண்டி பலகையில் ஏறுகிறது, அவர் தரையிலேயே நிற்கிறார். ஹேண்டில்பார் தலைக்கு மேல் போன பிறகு பிடிப்பு ஏது? பக்கத்தில் இரண்டாவது பலகையோ, அசையாத ஒரு பெட்டியோ போட்டு, அவரும் கூடவே ஏறிவிட வேண்டும். முக்காலி, பிளாஸ்டிக் கிரேட் எல்லாம் ஆடும். அகலமான மடக்கு ராம்ப் வாங்கினால் ஆளும் வண்டியும் அதிலேயே ஏறலாம். விலைதான் கொஞ்சம் கூட.

எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில், கிளட்சை மெல்ல விட்டுக் கூடவே நடந்து ஏற்றுவது பார்க்க அழகு. காணொளிகளில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய வண்டியில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், லீவரை முழுக்கப் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கும். ஆக்சிலேட்டர் கேபிளில் மணல் புகுந்திருந்தால் முறுக்கியது திரும்பாது. பலகையின் நடுவில் இந்த இரண்டில் ஒன்று நடந்தாலும் வண்டி கேபின் கண்ணாடியில் போய்த்தான் நிற்கும். எஞ்சினை அணைத்து, இரண்டு பேர் தள்ளுங்கள்: ஒருவர் ஹேண்டில்பாரில், மற்றவர் பின்பக்கம் ஓரமாக. நேர் பின்னால் நிற்கவே கூடாது. ஒற்றை ஆளாகப் போகிறவர்கள் தட்டின் முன்பக்கத்தில் சின்னக் கைவிஞ்ச் பொருத்திக்கொள்வது உத்தமம்.

நடுவில் மூச்சு முட்டி நின்றுவிட்டால் என்ன பிடிப்பது? எல்லார் கையும் முன் பிரேக்குக்குத்தான் போகும். முன் பிரேக் அங்கே தாங்காது. சரிவில் நிற்கும் வண்டியின் பாரம் பின்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன்சக்கரம் லேசாகிப் பூட்டியபடியே பின்னால் வழுக்கி வரும். பின் பிரேக் மிதிக்கக் கால் எட்டாது. முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டு வந்தால் மட்டுமே இதற்கு மருந்து உண்டு. நிற்க வேண்டுமென்றால் கிளட்சை விட்டுவிடலாம், அணைந்த எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் லீவரே அப்போது பின் பிரேக். இதிலும் பழைய வண்டிக்கு ஒரு விதிவிலக்கு: ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் தளர்ந்த எஞ்சின் முழுதாகப் பிடிக்காது, கொஞ்சம் கொஞ்சமாக நகரும். கிக்கரை உதைக்கும்போதே இது தெரிந்துவிடும். இறக்கும்போதும் இதே முறை: பின்சக்கரம் முதலில், எஞ்சின் அணைந்து, கியரில், கிளட்சை விட்டு விட்டுப் பிடித்து, அடிமேல் அடியாக. களைத்துப்போய் இருட்டில் இறக்கும்போதுதான் பலருக்குக் கணுக்கால் போகிறது என்பதால், மாலையில் அவசரப்படுத்தும் பிக்கப்காரரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பெரும்பாலும் ஓட்டுநரான பட்டான் மாமா இறங்கி வந்து தானே ஒரு கை கொடுப்பார்.

ஏறியாயிற்று. சைடு ஸ்டாண்டைப் போட்டுக் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் சனையாவின் வேகத்தடைகளை மறந்துவிடுகிறார்கள். முன்சக்கரம் தட்டின் முன்சுவரில் முட்ட வேண்டும், இடையில் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று. ஸ்டாண்ட் மடக்கியே இருக்கட்டும். இரண்டு பெல்ட்டுகள் முன்பக்கம், இடமும் வலமுமாக, முன்னோக்கியும் வெளிநோக்கியும் இழுத்துப் பிடிக்க வேண்டும். பழைய ஹேண்டில்பார் வளையும், திரும்பும்; ஆகவே முடிந்தால் ஃபோர்க்கைப் பிடிக்கும் கீழ் கிளாம்ப்பில் துணி வளையம் போட்டுக் கட்டுவது மேல். இரும்புக் கொக்கியை நேராக மாட்டினால் பெயிண்ட் போவது ஒரு பக்கம், வேகத்தடையில் ஃபோர்க் அமுங்கும்போது பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றுவிடும் என்பதே உண்மையான பயம். வாய் மூடும் கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஃபோர்க்கை எவ்வளவு அமுக்குவது என்பது பெரிய வழக்கு. பாதிக்குச் சற்று மேல் போதும் என்பது என் கட்சி. அடிமட்டம்வரை ராட்செட் போட்டு இறுக்கினால், பழைய ஆயில் சீல் சனையாவிலிருந்து பதாயிர் போவதற்குள் எண்ணெய் கக்கும். முன்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளவாக ஒரு மரக்கட்டை வைத்தால் ஃபோர்க் அதற்கு மேல் அமுங்காது, பெல்ட்டும் தளராது. பின்சக்கரத்துக்கு மூன்றாவது பெல்ட், பக்கவாட்டில் துள்ளாமலிருக்க.

சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய விதி, பிரேக் அடிக்கும்போது முன்னோக்கிச் சரக்கின் எடையில் 0.8 பங்கையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கையும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது. நம் 120 கிலோவுக்கு முன்னோக்கி ஏறக்குறைய 96 கிலோ. கடைப் பெல்ட்டுகள் புதிதில் இதைச் சிரமமில்லாமல் தாங்கும். ஆனால் பாலியெஸ்டர் பெல்ட்டை வளைகுடா வெயில் அரித்துவிடும். பிக்கப் தட்டிலேயே கோடைமுழுதும் கிடந்து, நிறம் வெளுத்து, தொட்டால் சொரசொரக்கும் பெல்ட் எத்தனை கிலோ தாங்கும் என்று அதன் சீட்டில் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதியதை இருக்கைக்கு அடியில் சுருட்டி வைக்கலாம். பெல்ட் சைலன்சரைத் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் சூட்டோடு ஏற்றும்போது மறந்துபோகிற விஷயம் அது.

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்புரேட்டர் வண்டிகளில் ஃப்ளோட் ஊசி தேய்ந்திருந்தால், குலுங்கிய வழியெல்லாம் பெட்ரோல் ஒழுகும். நாற்பத்தைந்து பாகை வெயிலில், இரும்புத் தட்டின்மேல். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு 40க்கு ஒன்று என்று 5 லிட்டருக்கு 125 மில்லி டூ-டி எண்ணெய் கலந்து கேனில் கொண்டுபோகிறவர்கள் கேனையும் தனியாகக் கட்ட வேண்டும். வண்டியைப் பிடித்துக்கொள்ள என்று ஆளைப் பின்தட்டில் ஏற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். பெல்ட் அறுந்தால் ஆளால் ஒன்றும் ஆகாது. மலீஹா சாலையில் முதல் பெட்ரோல் பங்க் வந்ததும் இறங்கி, ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். ஃபோர்க்கும் டயரும் இருப்புக்கு வந்த பிறகு எல்லாமே கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு மணல். துபாய்–ஹத்தா சாலையோரம் ஏறத்தாழ 100 மீட்டர் எழும்பி நிற்கும் பிக் ரெட் மணல்மேட்டைச் சுற்றி அக்டோபர் முதல் ஏப்ரல் வரை விடுமுறைக் காலைகளில் எஞ்சின் சத்தம் ஓயாது. இந்த மணல் உலகப் பந்தயக்காரர்களை வளர்த்த மணல். எமிராத்தி ராலி ஓட்டுநர் முகமது பின் சுலாயம் 1991இல் தொடங்கிய பாலைவனப் பந்தயம் இன்று அபுதாபி டெசர்ட் சேலஞ்ச் என்று நடக்கிறது. துபாயில் வாழ்ந்து பயின்ற ஆங்கிலேயர் சாம் சண்டர்லாண்ட் 2017இலும் 2022இலும் டக்கார் ராலியை வென்றார். நம் பக்கத்துக்காரர்களும் குறைவில்லை: பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் 2015இல் டக்காரில் ஓடிய முதல் இந்தியர். அதே நகரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் துபாய்ச் சுற்றில் வென்று தொடங்கி, பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பட்டம் வாங்கினார். ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். அவர் ஓட்டியது ஓசூரின் டிவிஎஸ்ஸும் பிரான்ஸின் ஷெர்கோவும் சேர்ந்து நடத்திய அணிக்காக. இவர்களுக்கு ஏற்றி இறக்க லாரியும் ஆட்களும் உண்டு. ரோலாக்காரருக்கு ஃப்ளாட் நண்பர் ஒருவர்தான், அவரும் தூக்கக் கலக்கத்தில்.

திரும்பியதும் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏர் ஃபில்டரை அன்றே கழற்ற வேண்டும், அடுத்த வாரம் வரை விடக் கூடாது. கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். கோடைக்கு நிறுத்தப்போகிறீர்களென்றால் டேங்கையும் காலி செய்து, பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கிக்கரை மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ராட்செட்டில் புகுந்த மணலைத் தண்ணீரில் அலசுங்கள்.

விசா முடித்து ஊர் போகிறவர்கள் வண்டியை விற்றுவிட்டே கிளம்புவார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் வாங்கப் போனால் பைக்குக்குப் பேரம் பேசி முடிக்கும்வரை ராம்ப்பைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். பணம் கை மாறியதும், இதை எப்படி அண்ணே கொண்டுபோவது என்று கேளுங்கள். அவருக்கும் அதை வைக்க இடமில்லை. பெல்ட்டோடு சேர்த்தே தந்துவிடுவார்.